துவக்குப் பெட்டியின் திறப்பு

எனக்கு நோய் வந்தது ஒரு வாக்குவாதத்தின் நடுவில். அதனால் அதை நோய் என்று அங்கிருந்த ஒருவரும் நினைக்கவில்லை. நான் தோற்றுவிட்டேன் என்றுதான் நினைத்தார்கள்.

சிட்னியில், கிரவீன் பகுதியில் ஒரு மண்டபம். ஒரு குழந்தையின் முதலாவது பிறந்தநாள் விழா. ஆண்கள் எல்லாரும் ஒரு மூலையில் கதிரைகளை வளைத்துப் போட்டு, துவக்கு (தமிழ்நாட்டில் துப்பாக்கி) வைத்திருப்பதற்கான சட்டத்தை அரசாங்கம் இன்னும் இறுக்கப் போவதைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தோம். அந்த மண்டபத்தில் சொந்தமாகத் துவக்கு வைத்திருந்த ஒரே ஆள் நான். ஆகவே கூட்டத்துக்கு ஒரு குற்றவாளி தேவைப்பட்டபோது அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை.

என் வாதம் எனக்கு மனப்பாடம். சட்டத்தை மதிக்கிறவனைத்தான் சட்டம் வதைக்கிறது, கெட்டவன் லைசன்ஸ் கேட்டு வரிசையில் நிற்பதில்லை, நல்லவர்களை நிம்மதியாக இருக்க விடுங்கள் என்று அடுக்கிக்கொண்டே போனேன். எதிரில் முருகேசன். குவேக்கர்ஸ் ஹில்லில் எங்களுக்குப் பக்கத்து வீடு. கோயம்புத்தூர்க்காரர், கணினி வேலை, கெட்டிக்காரத்தனமான அமைதி. கேசரியை வழித்துத் தின்றபடி கேட்டார்:

"சேவியர் அண்ணா, நீங்க நல்லவர்தான், ஒத்துக்கறேன். ஆனா நல்லவர் கடைசி வரைக்கும் நல்லவராவே இருப்பார்னு யாருங்கண்ணா கேரண்டி குடுக்கறது?"

அதற்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. அருமையான பதில். சொல்ல வாயைத் திறந்தேன்.

அடுத்து எனக்குத் தெரிந்தது, எல்லாரும் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

இடையில் நடந்ததைப் பிறகு பிறர் சொல்லித்தான் அறிந்தேன். பலூன்களைப் பார்த்தபடி அப்படியே இருந்தேனாம். எதையோ மெல்வதுபோல வாயை அசைத்தேனாம். சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தேனாம். பதில் இல்லாமல் திணறுகிறேன் என்று இரக்கப்பட்டு முருகேசன் என் தோளைத் தட்டி, "விடுங்கண்ணா" என்றாராம். வீட்டுக்கு வரும் வழியில் என் மனைவி ரெஜினா மிகுந்த சந்தோஷமாக இருந்தாள். திருமணமான நாளிலிருந்து என்னை ஒருவர் வாயடைக்கச் செய்ததை அவள் அன்றுதான் கண்டாளாம்.

இதை வாசிக்கிற உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ இப்படி நடந்தால், அதாவது விழித்தபடியே ஆள் எங்கோ போய், வாயை மென்று, கையால் எதையாவது நோண்டி, பிறகு ஒன்றும் தெரியாமல் திரும்பி வந்தால், உடனே டொக்டரிடம் போங்கள். நான் போகவில்லை. தொலைந்துபோன அந்தப் பதிலைத் தேடிக்கொண்டிருந்தேன்.

துவக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் மன்னாரில் பிறந்தவன். துவக்கு வைத்திருந்த எல்லாருக்கும் பயந்து ஓடி ஓடி, கடைசியில் சிட்னிக்கு ஓடி வந்தவன். வந்த இடத்தில் வேலைத்தள நண்பர் ஒருவர் குறிபார்த்துச் சுடும் கழகத்துக்கு ஒரு நாள் கூட்டிப் போனார். கடதாசியை மட்டும் சுடுகிற துவக்கு உலகத்தில் உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பிடித்துப்போயிற்று. வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, பொலிஸ் அனுமதிக்குக் காத்திருந்து, ஒரே ஒரு துவக்கு வாங்கினேன். ரெஜினா ஒரு மாதம் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. "துவக்குக்குப் பயந்து கப்பலேறின ஆள், இஞ்ச காசு குடுத்துத் துவக்கு வாங்கி வைச்சிருக்கிறார்" என்று வருகிற போகிற எல்லாரிடமும் சொன்னாள்.

துவக்கை வைக்க இரும்புப் பெட்டி வேண்டும், அது கொங்கிறீற்றோடு பூட்டப்பட்டிருக்க வேண்டும், திறப்பு (தமிழ்நாட்டில் சாவி) லைசன்ஸ்காரனைத் தவிர வேறு ஒருவருக்கும் எட்டக் கூடாது. இதெல்லாம் சட்டம். பெட்டி வந்து அலுமாரிக்குள் இறங்கியதும் ரெஜினா அதைச் சுற்றிப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள், அடுத்த நாளே தன் அட்டியல், காப்பு, பதக்கஞ்சங்கிலி எல்லாவற்றையும் கொண்டு வந்தாள். தமிழர் வீடுகளில் தங்கம் இருக்கும் என்று கள்ளர்களுக்குத் தெரிந்துபோன காலம் அது. துவக்கோடு பேச்சுவார்த்தை கிடையாது, ஆனால் அதன் பெட்டியில் பங்கு வேண்டும்.

நகை பெட்டிக்குள் போனது. திறப்பைக் கொடுப்பேனா? சட்டமல்லவா! நகை வேண்டும் என்று அவள் கேட்கும் ஒவ்வொரு முறையும், "ஹோலில போய் நில்லும்" என்பேன். அவள் போய் நிற்பாள். மறைத்து வைத்த இடத்திலிருந்து திறப்பை எடுத்து, பெட்டியைத் திறந்து, நகையை எடுத்து, பூட்டி, திறப்பை மறுபடி ஒளித்துவிட்டு, "இப்ப வரலாம்" என்று குரல் கொடுப்பேன். என் சட்டப்பற்றை நினைத்து எனக்கே பெருமையாக இருக்கும்.

இரண்டாவது தாக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்தது. கழகத்துக்குப் போக ஆயத்தமாகி, குசினியில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு மிடறு குடித்தேன், சூடாக இருந்தது. அடுத்த மிடறு ஆறிப்போயிருந்தது. ரெஜினா முன்னால் நின்றாள். அவள் முகத்தில் இரத்தமே இல்லை. "தேத்தண்ணி ஏன் இப்பிடி ஆறிப்போச்சு?" என்று அவளிடம் குறைப்பட்டேன். அவள் என்னை இழுத்துக்கொண்டு போய்க் காரில் ஏற்றினாள். அன்று நான் போய்ச் சேர்ந்தது கழகத்துக்கு அல்ல, அவசர சிகிச்சைப் பிரிவுக்கு.

பிறகு பரிசோதனைகள். எம்.ஆர்.ஐ. (காந்தத்தால் மூளையைப் படம் எடுப்பது) செய்தார்கள். ஈ.ஈ.ஜி. (தலையில் வயர்களை ஒட்டி மூளையின் மின்னோட்டத்தை வரைவது) செய்தார்கள். நரம்பியல் நிபுணர் மென்மையாகப் பேசும் ஒரு பெண். பகுதி வலிப்பு (மூளையின் ஒரு பகுதியில் மட்டும் மின்சாரம் குழம்புவது) என்றார். கை கால் இழுக்காது, ஆள் விழ மாட்டார், ஆனால் அந்த நேரத்தில் நினைவு இருக்காது, கைகள் தம்பாட்டுக்கு ஏதாவது செய்யும் என்று விளக்கினார். கார் ஓட்டக் கூடாது, ஏணியில் ஏறக் கூடாது, தனியே நீந்தக் கூடாது, குளியலறையைப் பூட்டக் கூடாது என்று சொல்லிக்கொண்டே வந்தவர், வேறு பொழுதுபோக்கு ஏதும் உண்டா என்று கேட்டார்.

"தோட்டம்," என்றேன்.

எங்கள் வீட்டில் ஒரு கறிவேப்பிலைச் செடி இருப்பது உண்மை. ரெஜினா என்னைப் பார்த்தாள். காரில் வைத்துத்தான் கேட்டாள், இந்தமுறை தோட்டத்தில் என்ன நடப் போகிறீர்கள் என்று.

நான் ஏன் மறைத்தேன் என்றால், சொன்னால் துவக்கு போய்விடும். கார் போயிற்று, ஏணி போயிற்று. மனைவி ஓட்டும் காரில் பக்கத்து இருக்கையில் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிற மனிதனுக்கு, ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடதாசி வட்டத்துக்கு நடுவில் ஒரு ஓட்டை போடும்போதுதான் தான் இன்னும் ஆள் என்ற நினைப்பு வரும். அதையும் கொடுத்துவிட்டால் மிச்சம் என்ன என்று பயந்தேன். அதுதான் உண்மை.

ஆனால் கழகத்துக்குக் கொண்டுபோய் விட ரெஜினா சம்மதிக்கவில்லை, பெட்டி திறக்காமலே கிடந்தது. அந்த நேரம் மெல்போர்னில் ரெஜினாவின் அக்கா மகளுக்குக் கலியாணம் வந்தது. நகை எடுக்க வேண்டும். ரெஜினாவை ஹோலில் நிற்க வைத்துவிட்டு, ஒளித்து வைத்த இடத்தில் கையை விட்டேன். திறப்பு இல்லை. மெத்தையைப் புரட்டினேன், சப்பாத்துகளைக் கவிழ்த்தேன், மாதா சொரூபத்தைக்கூடத் தூக்கிப் பார்த்தேன். கைகள் தம்பாட்டுக்கு ஏதாவது செய்யும் என்று டொக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. என் கையே எனக்குத் தெரியாமல் எங்கோ ஒளித்துவிட்டது. இனி யாரிடம் போய் விசாரிப்பது?

பூட்டுத் திறக்கிற ஆளைக் கூப்பிடுவோம் என்றேன். ரெஜினா வேண்டாம் என்றாள். "விடுங்கோ. நான் கவரிங் போட்டுக்கொண்டு போறன்."

எனக்குத் தலை சுற்றியது. அக்கா மகளின் கலியாணத்துக்கு, அத்தனை சனத்துக்கு முன்னால், ரெஜினா கவரிங் நகை போடுவதா? நோய் எனக்கா அவளுக்கா என்று சந்தேகம் வந்தது. போனாள். போட்டாள். அவளுடைய அக்கா அந்த அட்டியலைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்பால் போனதை நான் பார்த்தேன். ரெஜினா சிரித்துக்கொண்டு நின்றாள்.

இதற்கிடையில் மாத்திரை தன் வேலையைக் காட்டியது. வலிப்பு நின்றது. ஆனால் அந்த மாத்திரை சிலருக்குக் கோபத்தைக் கூட்டும். டொக்டர் முதலே எச்சரித்திருந்தார். நான்தான், எனக்கு இருக்கிற கோபத்துக்கு மேல் அது என்ன கூட்டப் போகிறது என்று அசட்டையாக இருந்தேன். பாண் சூடாக்கும் மெஷினோடு சண்டை. தொலைக்காட்சியில் காலநிலை சொல்கிறவரோடு சண்டை. பக்கத்து வளவு மக்பை குருவியோடு சண்டை.

அந்த நாட்களில்தான் முருகேசன் நோய் பார்க்க வந்தார். அவர்கள் ஊர் வழக்கப்படி ஒரு பை ஆப்பிளும் ஒரு பெரிய ஹார்லிக்ஸ் போத்தலும் கொண்டு வந்தார். அந்தப் போத்தலைக் கண்டதும் எனக்கு ஏன் அப்படி வந்தது என்று இன்றும் தெரியாது. "நான் என்ன பிள்ளைப்பெத்தவளே?" என்று கத்தியபடி அதை எடுத்துச் சுவரில் எறிந்தேன். கண்ணாடி நொறுங்கி ஹோல் முழுக்க ஹார்லிக்ஸ் பறந்தது. முருகேசனின் மீசை வெள்ளையாகிவிட்டது. மனிதர் குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கியபடி, "என் தப்புங்கண்ணா, பாக்கெட்டா வாங்கியிருக்கணும்" என்றார்.

சிரிப்பு வந்தது. சிரிக்கத் திரும்பியபோதுதான் ரெஜினாவைப் பார்த்தேன். அவள் போத்தலைப் பார்க்கவில்லை. என்னைப் பார்க்கவில்லை. எங்கள் அறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பெட்டி இருக்கிற அறையை. மன்னாரில் துவக்கோடு வருகிறவர்களின் சப்பாத்துச் சத்தம் கேட்டால் என் அம்மா வாசலைப் பார்ப்பாளே, அதே பார்வை. என்னால் அதைத் தாங்க முடியவில்லை. இவன் கையில் துவக்கைக் கொடுக்காதே என்று விவாதங்களில் நான் விரல் நீட்டிச் சொல்கிற அந்த யாரோ ஒருவன், ஹார்லிக்ஸ் படிந்த காலோடு என் வீட்டு ஹோலில் நின்றான்.

அடுத்த முறை டொக்டர் கோபதாபம் எப்படி என்று கேட்டபோது சொல்லிவிட்டேன். என்னிடம் துவக்கு இருக்கிறது. டொக்டர் பேனாவை மெதுவாகக் கீழே வைத்தார். பெட்டியை யார் யார் திறக்க முடியும் என்று கேட்டார். சட்டப்படி நான் மட்டும், இப்போது என்னாலும் முடியாது, திறப்பு தொலைந்துவிட்டது என்று கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கியது தெரிந்தது. மாத்திரையை மாற்றினார். பொலிசுக்கு நானே அறிவிப்பது நல்லது என்றார். அறிவித்தேன். லைசன்ஸை இடைநிறுத்தினார்கள். துவக்கை எடுக்க ஒரு நாள் காலை வந்தார்கள், இளம் பெண் அதிகாரி ஒருவரும் வாசலை அடைத்துக்கொண்டு நின்ற ஒரு பெரிய மனிதரும்.

திறப்பு இல்லை, பூட்டுத் திறக்கிற ஆள் வருகிறார் என்று நான் இழுத்துக்கொண்டிருந்தபோது, ரெஜினா தன் கைப்பையோடு வந்தாள். பையைத் திறந்து, திறப்பை எடுத்து மேசையில் வைத்தாள். எங்கே இருந்தது என்று அந்த அதிகாரி கேட்டார். வீட்டில்தான் இருந்தது என்றாள் ரெஜினா. அது பொய்யல்ல. எங்கள் கறிவேப்பிலைத் தோட்டம்போல.

பெட்டி திறந்தது. முன்னால் சிவப்பு நகைப் பெட்டிகள், எங்கள் ஊர் மடு மாதா படம் ஒன்று. எல்லாவற்றுக்கும் பின்னால், இடமில்லாமல் ஒடுங்கிக்கொண்டு என் துவக்கு. இதில் எதை எடுக்க வேண்டும் என்று அதிகாரி முகத்தில் அசைவில்லாமல் கேட்டார். "அதை மட்டும்," என்று ரெஜினா பாய்ந்து சொன்னாள்.

அவர்கள் போன பிறகு குசினியில் இருந்தோம். இந்தத் திறப்பை எங்கே எடுத்தீர் என்று கேட்டேன்.

"எடுக்கேல்ல. நீங்கள்தான் தந்தனீங்கள்."

நான் விளங்காமல் பார்த்தேன்.

"அண்டைக்கு, தேத்தண்ணி ஆறின அண்டைக்கு. கூப்பிடக் கூப்பிட நீங்கள் இல்லை. பயந்து கையைப் பிடிச்சனான். காற்சட்டைப் பொக்கற்றை நோண்டி நோண்டி, துவக்கெடுக்கவெண்டு போட்டு வைச்சிருந்த திறப்பை எடுத்து என்ரை கையில வைச்சு, விரலை மடக்கி விட்டனீங்கள்."

"பிறகேன் சொல்லேல்ல?"

"சொன்னா சட்டம் எண்டு திருப்பி வாங்கியிருப்பீங்கள்."

"கலியாணத்துக்காவது திறந்திருக்கலாமே!"

"திறந்தா உங்களுக்குத் தெரிஞ்சிடும். கைப்பையிலதான் வைச்சிருந்தனான், மெல்போனுக்கும் கொண்டு போனனான்." தேத்தண்ணீரைக் கோப்பையில் ஊற்றினாள். "நகை இல்லாட்டி ஒரு நாள் வெக்கம்தானே."

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அவள் தேத்தண்ணீரை என் பக்கம் தள்ளி, ஆற முன்னம் குடிக்கச் சொன்னாள்.

டொக்டரிடம் இதைச் சொன்னேன். வலிப்பு நேரத்துக் கையசைவுக்கு அர்த்தம் கிடையாது என்றார். அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். ரெஜினா ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. லைசன்ஸ் இல்லாத ஒருவரிடம் திறப்பைக் கொடுப்பது சட்டப்படி குற்றம். விழிப்பாக இருந்த நான் ஒருநாளும் அதைச் செய்திருக்க மாட்டேன். நான் இல்லாத நேரத்தில் என் கை செய்தது.

வலிப்பு வந்து கனகாலம் ஆகிறது. ஆனால் முன்பு நேரம் என்பது தன்பாட்டில் ஓடுகிற ஒன்று, நான் அதைக் கவனிப்பதே இல்லை. இப்போது தேத்தண்ணீர்க் கோப்பையைத் தொட்டுச் சூடு பார்க்கிறேன், எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்கிறேன், இங்கேதான் இருந்தேனா என்று. கையையும் சிலவேளை பார்க்கிறேன், கொஞ்சம் மரியாதையாக. முருகேசனின் கேள்விக்கான பதில் இன்னும் நினைவுக்கு வரவில்லை. அவரிடம் சொன்னேன், அவசரமில்லைங்கண்ணா என்றார்.

பெட்டி இன்னும் எங்கள் அலுமாரிக்குள்தான் இருக்கிறது. நகை மட்டும். திறப்பு எங்கே என்று எனக்குத் தெரியாது. போன கிழமை ஒரு பூப்புனித நீராட்டு விழா. ரெஜினா அறை வாசலில் நின்று, "ஹோலில போய் நில்லுங்கோ" என்றாள். நான் போய், சுவரைப் பார்த்தபடி நின்றேன். அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டது, பிறகு ஒன்றும் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. "இப்ப வரலாம்" என்று அவள் கூப்பிட்டாள். வந்தேன்.