ஏழாம் நம்பர் வீட்டுப் பின்கதவு

அந்தப் புதுக் குடியிருப்பின் நுழைவு வளைவிலேயே 'சென்னைக்கு மிக அருகில்' என்று எழுதியிருந்தது. கும்மிடிப்பூண்டியிலிருந்து மின்சார ரயிலில் ஒன்றரை மணி நேரம் நின்றுகொண்டே சென்ட்ரல் போகிறவனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், நல்லா வாயில வரும்.

எனக்குச் சென்னை வேண்டாம், புகை இல்லாத இடம் போதும். நாங்கள் இருக்கும் லைன் வீட்டுக்குப் பின்னால் இரும்பு உருக்கும் ஆலை. கொடியிலிருந்து துணியை எடுத்து உதறினால் கறுப்புத் தூள் கொட்டும். மகளுக்கு ஆறு வயது, வீசிங். டாக்டர் ஒவ்வொரு தடவையும் நெபுலைசர் வைத்துவிட்டு, "மொதல்ல வீட்ட மாத்துங்க" என்பார். மாத்திரைச் சீட்டில் எழுதித் தராததுதான் பாக்கி.

வீடு மாற்றுவது என்ன சட்டை மாற்றுவதா? போகிற இடத்தில் எல்லாம் இரண்டு கேள்வி. சொந்த ஊர் எது என்பது முதல் கேள்வி. அதில் ஒன்றும் இல்லை, ஆரம்பாக்கம் பக்கம் என்று சொல்லிவிடலாம். அடுத்தது வரும் பாருங்கள்: "ஊர்ல எந்தப் பக்கம்?" அதற்குத்தான் நாங்கள் பதில் தயார் செய்து வைத்திருக்க வேண்டும். நான் பஸ் ஸ்டாப் பக்கம் என்பேன். பஸ் ஸ்டாப் எல்லாருக்கும் பொது.

இப்படி எட்டு மாதம் அலைந்த பிறகுதான் புரோக்கர் அந்த ரோ ஹவுசைக் காட்டினார். சுவரோடு சுவர் ஒட்டிய மாடி வீடுகள் ஏழில் கடைசி. முன்னால் கார் நிறுத்த இடம், பின்னால் துணி துவைக்க இடம், அங்கிருந்து சந்துக்கு ஒரு இரும்புக் கதவு. மாடி ஜன்னலைத் திறந்தால் காற்று வந்தது. வெறும் காற்று, அதில் எந்த வாசனையும் இல்லை. மகள் படிக்கட்டில் மூன்று தடவை ஏறி இறங்கினாள், ஒரு தடவைகூட இருமவில்லை. மனைவி என்னைப் பார்த்தாள். முடித்துவிடுங்கள் என்று அர்த்தம்.

வீட்டுக்கார அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். கழனியை பில்டரிடம் கொடுத்து, பதிலுக்கு மூன்று வீடு வாங்கிக்கொண்ட குடும்பம். ஊர் கேட்டார், பக்கம் கேட்டார், பஸ் ஸ்டாப்பைச் சொன்னேன். "நல்லது சார். வியாழக்கிழமை வந்து கையெழுத்து போட்டுட்டு, வெள்ளிக்கிழமை பால் காய்ச்சிடுங்க. உங்க அம்மாவையும் இட்டுகினு வாங்க, பெரியவங்க பாக்கணும்" என்றார். அன்று சாயங்காலமே மனைவி புதுப் பால் பாத்திரம் வாங்கிவிட்டாள்.

வியாழக்கிழமை நாங்கள் நாலு பேரும் போன ஆட்டோவில் அம்மாவுக்குப் பாடம் நடத்தினேன். "ஊர் பேச்ச எடுக்காத. இன்னா கேட்டாலும் சிரி, போதும்."

"நான் இன்னாத்தடா பேசப் போறேன்?" என்றாள் அம்மா. சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள், ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டுக்கார அம்மா முன்வாசலுக்கே வந்து கூப்பிட்டார். கூடத்தில் பிளாஸ்டிக் சேர் போட்டு, "உக்காருங்க சார்" என்றார். உட்கார்ந்தேன். மகள் மாடிக்கு ஓடிவிட்டாள். அக்ரிமெண்டை நீட்டினார், அவர் கணவர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார். நான் பேனாவைத் திறக்கும்போது, "அம்மா வரலையா சார்?" என்று கேட்டார். அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். எங்களோடு ஆட்டோவிலிருந்து இறங்கியவளைக் காணோம்.

பின்னால் இரும்புக் கதவு கிறீச்சிட்டது. அம்மா, துவைக்கிற இடத்தில், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துவிட்டபடி நின்றிருந்தாள்.

ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே வீட்டுக்கார அம்மாவின் முகத்தை அடையாளம் கண்டுகொண்டிருக்கிறாள். எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊரில் இருந்த அந்தக் குடும்பத்தின் கழனியில்தான் இருபது வருஷம் நாற்று நட்டாள், களை பறித்தாள். கூலியும் கூழும் அவர்கள் வீட்டுப் பின்பக்கம் போய் வாங்கியிருக்கிறாள். என்னைப் பள்ளிக்கூடம் அனுப்பினாளே தவிர, அந்தப் பக்கம் ஒரு நாளும் கூட்டிப் போனதில்லை. அதனால் அந்த முகம் எனக்குத் தெரியாது.

"அட, நீயாம்மே!" என்றார் வீட்டுக்கார அம்மா. சிரித்தார். நிஜமாகவே சந்தோஷப்பட்டார், அதுதான் என்னை இன்றைக்கும் எரிய வைக்கிறது. "இது உன் புள்ளையா? எவ்ளோ பெருசாயிட்டான்!" பிறகு என்னிடம், "நீ எந்தக் கம்பெனில கீற?"

அரை நிமிஷத்துக்கு முன்னால் நான் சார். சுவரோரமாக நின்று கம்பெனி பேரைச் சொன்னேன்.

அவர் அக்ரிமெண்டை எடுத்து நான்காக மடித்தார். "ஊட்டுக்காரர ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்றேம்பா." ஊட்டுக்காரரின் கையெழுத்து அந்த மடிப்புக்குள்தான் இருந்தது! போகும்போது, வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று நாலு வாழைக்காய் கொடுத்தார். அம்மா முந்தானையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் புரோக்கர் போன் செய்தார். "பேஜாரா பூட்ச்சி சார். அவங்க சொந்தக்காரங்க யாரோ குடி வர்றாங்களாம்." எந்தச் சொந்தக்காரனும் வரவில்லை. ஒரு மாதம் கழித்து அந்த வழியாகப் போனேன், 'டு லெட்' போர்டு அப்படியே தொங்கியது.

அந்த வியாழக்கிழமை வீடு வந்து சேர்ந்ததும் மகள் இருமலுக்கு நடுவே கேட்டாள்: "அப்பா, படிக்கட்டு ஊட்டுக்கு எப்பப்பா போறோம்?"

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவின் முன்னால் போய்க் கத்தினேன். "முன்வாசல் தொறந்துதான இருந்துச்சு? உன்ன யாரு பின்னால போகச் சொன்னது? பேத்தி மூச்சு உட முடியாம கீறா, உன் புத்தி மட்டும் மாறாதா?"

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். "எனக்கே தெரியலடா. காலு தானா போச்சு" என்றாள்.

மனைவிதான் குறுக்கே வந்தாள். அவள் என்னிடம் குரல் உயர்த்துகிறவள் இல்லை, அன்றும் உயர்த்தவில்லை.

"அத்தைய ஏன் திட்றீங்க? அத்த பின்னால போச்சு, சரி. நீங்க இன்னா பண்ணீங்க? சார்னு கூப்ட்ட வரைக்கும் சேர்ல உக்காந்துகினு இருந்தீங்க. நீன்னு ஒரு வார்த்த சொன்னாங்க, எழுந்து நின்னுட்டீங்க. உங்கள யாராவது எழுந்துக்கச் சொன்னாங்களா?"

யாரும் சொல்லவில்லை.