சக்கரத்துக்குக் கட்டை போட்டவன்

மகளும் மருமகனும் வாழும் இந்தக் கனடா நாட்டுக்கு வந்து மூன்று ஆண்டுகள் நிறைந்துவிட்டன. ஆயினும் காரில் ஏறப்போகும்போதெல்லாம் நான் தவறான கதவருகே சென்று நிற்பது மட்டும் நின்றபாடில்லை. நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்வார், உடன் வருபவர் இடப்பக்கம் அமர்வார். இங்கே அது தலைகீழ். என் கால்கள் அதை அறியாமல் இடப்பக்கக் கதவுக்கே என்னைக் கொண்டுபோய்விடுகின்றன. மருமகன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என் பின்னால் பொறுமையாக நிற்பார். "ஏனுங்க மாமா, இன்னிக்கு நீங்களே ஓட்டறீங்களா?" என்று கேட்டுச் சிரிப்பார். தொடக்கத்தில் நானும் சேர்ந்து சிரித்தேன். இப்போது அந்தக் கேள்வி என்னைச் சுடுகிறது. அது சுடுவதன் காரணத்தை ஊரில் உள்ளோர்க்கும், என்னைப்போல் பிள்ளைகளைத் தொடர்ந்து வந்து அயல்நாட்டு வீடுகளில் பகற்பொழுதைத் தனியே கழிக்கும் முதியோர்க்கும் ஒளிக்காமல் சொல்லவேண்டும் என்றே இதை எழுதத் துணிந்தேன்.

நான் அன்னூரைச் சேர்ந்தவன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். பயணிகள் இருக்கையில் விட்டுச்சென்ற செய்தித்தாள்களையும் வார இதழ்களையும் படித்துத்தான் எழுத்துத்தமிழைக் கற்றுக்கொண்டேன். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு மலையேறும் தனியார் பேருந்து ஒன்றில் இருபத்தாறு ஆண்டுகள் நடத்துநராக இருந்தேன். அவற்றுள் பதினான்கு ஆண்டுகள் பழனிச்சாமி அண்ணன்தான் ஓட்டுநர். அவர் வலப்பக்கம், நான் இடப்பக்கம், முன்வாசலை ஒட்டிய ஒற்றை இருக்கையில். கொண்டை ஊசி வளைவில் எதிரே லாரி வந்துவிட்டால் நான் இறங்கிப் பின்னால் ஓடி, விசில் ஊதி அவரைப் பின்வாங்கச் செய்வேன். ஏற்றத்தில் வண்டி நிற்க நேர்ந்தால் என் இருக்கைக்கு அடியில் கிடக்கும் மரக்கட்டையை எடுத்துப்போய்ப் பின்சக்கரத்துக்கு அண்டை கொடுப்பேன். கட்டை போட்டாயிற்று என்று நான் குரல் கொடுக்கும்வரை அவர் பிரேக்கிலிருந்து காலை எடுக்கமாட்டார்.

இந்த ஊர்ப் பேருந்துகளில் நடத்துநர் என்று ஒருவர் கிடையாது. ஏறுகிறவர்கள் ஓர் அட்டையைக் காட்டுகிறார்கள், ஒரு கருவி ஒலிக்கிறது, அவ்வளவுதான். வந்த புதிதில் ஒருநாள் முன்னிருக்கையில் அமர்ந்து சாலையையே பார்த்துக்கொண்டிருந்த என்னிடம், ஊரில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று ஓட்டுநர் கேட்டார். பஸ்ஸில் வேலை என்றேன் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். அவர் முகம் மலர்ந்தது. "அப்படியானால் நீங்களும் டிரைவர்!" என்று கையை உயர்த்தினார். நான் கைச்சாடையால் சீட்டுக் கிழித்துக் காட்டினேன், விசில் ஊதிக் காட்டினேன். அவர் அதை ஏதோ வேடிக்கை என்று எண்ணிச் சிரித்தார். பேருந்தில் ஓட்டுநரைத் தவிர வேறொரு மனிதனுக்கு என்ன வேலை இருக்க முடியும் என்பது அவருக்குப் புரியவில்லை. நான் இறங்கும் இடம் நெருங்கியதால் ஆமென்று தலையாட்டிவிட்டு இறங்கினேன். அந்தத் தலையாட்டலில் ஒரு சுகம் இருந்ததை மறைக்கமாட்டேன்.

சென்ற ஆண்டு மருமகன் கணினி விளையாட்டுக்கென்று ஒரு ஸ்டீயரிங்கும் பெடல்களும் வாங்கிவந்தார். இரண்டு வாரத்தில் அவருக்கு அலுத்துவிட்டது. யாரோ ஒரு தமிழ் இளைஞர் நம் மலைச்சாலையைப் போலவே தேயிலைச் சரிவும் வளைவுமாகச் செய்து வெளியிட்டிருந்த பேருந்து விளையாட்டு ஒன்று அதில் இருந்தது. மகளும் மருமகனும் வேலைக்குச் சென்றபின் நான் அதில் அமர்ந்தேன். பிரேக்கை மிதித்தால் பெடல் கம்பளத்தின்மேல் வழுக்கிப் பின்னால் ஓடியது. தோட்டத்து வேலியில் மிஞ்சிய ஒரு மரத்துண்டை எடுத்துவந்து அதன் பின்னால் செருகினேன். அதன்பின் அசையவில்லை. இப்படி விளையாடுவதை இணையத்தில் நேரலையாகக் காட்டுகிறார்கள், பார்க்கவும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று மகள் சொன்னாள். ஒளிபரப்பும் மென்பொருளை நிறுவி, கேமராவை என் முகத்துக்கு நேரே பொருத்தி, எந்தப் பொத்தான் எதற்கு என்று ஒரு தாளில் எழுதி ஒட்டிவைத்தாள். முதல் நாள் ஒலியைத் திறக்க மறந்து ஒன்றரை மணிநேரம் ஊமையாகப் பேசினேன். முதல் வாரம் முழுவதும் பார்வையாளர் எண்ணிக்கை ஒன்று. அந்த ஒருவர் என் கைப்பேசிதான்.

இங்கே காலை, அங்கே மாலை. வேலை முடிந்து திரும்பும் இளைஞர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். சத்தியமங்கலத்துக்காரர் ஒருவர், வளைகுடாவில் லாரி ஓட்டும் அன்னூர்க்காரர் ஒருவர் என்று கூட்டம் நாற்பது ஐம்பதாயிற்று. அலைவரிசையின் தலைப்பில் நான் இட்டிருந்தது, 'மலைப்பாதை ஓட்டுநர், இருபத்தாறு ஆண்டு அனுபவம்' என்பது. மகள் அதைப் படித்துவிட்டு, "அப்பா, நீங்க கண்டக்டர்தானுங்களே?" என்றாள். விளையாட்டுக்குத்தானே அம்மணி என்று சொல்லி வாயடைத்தேன். பார்க்க வந்தவர்கள் என்னை டிரைவரய்யா என்று அழைத்தார்கள். வளைவில் எந்தக் கியர், மழையில் எவ்வளவு வேகம் என்று கேட்டார்கள். பதினான்கு ஆண்டுகள் பக்கத்தில் இருந்து பார்த்தவை எல்லாம் என் கைகள் செய்தவைபோல நாவில் வந்தன. பொய் சொல்கிறோம் என்ற உறுத்தல் முதல் சில நாள்கள் இருந்தது. பிறகு அதுவும் பழகிப்போயிற்று. அதுதான் வெட்கக்கேடு.

ஒருநாள் அந்த மழைநாள் கதையைச் சொன்னேன். நிறைந்த பேருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தபோது பிரேக் பிடிக்காமல் போனது. பழனிச்சாமி அண்ணன் கியரைக் குறைத்துக் குறைத்து, பள்ளத்துப் பக்கம் விடாமல் மலைச்சுவரில் உரசி வண்டியை நிறுத்தினார். நிறுத்தியும் அது அங்குலம் அங்குலமாக நழுவியது. அதை நான் ஓட்டியதாகவே சொன்னேன். ஸ்டீயரிங்கை எப்படி ஒடித்தேன் என்றுகூடச் சொன்னேன். திரையோரத்தில் கைகூப்பும் படங்கள் மழையாகப் பொழிந்தன. அவற்றுக்கு நடுவே, இதுவரை ஒன்றுமே எழுதியிராத ஒருவரின் வரி வந்தது.

"ஏனுங்க டிரைவரே, அன்னிக்கு இறங்கி ஓடிக் கட்டை போட்டது யாருங்க?"

பெயர் இருந்த இடத்தில் மேட்டுப்பாளையம் என்று மட்டுமே இருந்தது. பெயர் எனக்குத் தேவைப்படவில்லை. கட்டை போட்டதை நினைவில் வைத்து இப்படிக் கேட்கக்கூடியவர் பழனிச்சாமி அண்ணன் ஒருவரே. சகதியில் முழங்கால் ஊன்றி, நகரும் சக்கரத்துக்கு அடியில் கட்டையைத் திணித்தவன் நான். என் இடக்கைச் சுண்டுவிரல் அன்றுதான் நசுங்கியது. அந்தக் கதையில் எனக்கென்று இருந்த ஒரே இடத்தை நானே அழித்துவிட்டு, அவருடைய இடத்தில் ஏறி உட்கார்ந்திருந்தேன். என் பார்வை தானாகக் கீழே சென்றது. பெடலுக்குப் பின்னால் அந்த மரத்துண்டு இருந்தது. திரையில் என் பேருந்து வளைவைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. இணைப்பைத் துண்டித்துவிட்டேன்.

அன்றே அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். அண்ணா, மன்னிக்கோணும் என்றேன். அவர், "நல்லா இருக்கறீங்களா? அங்க குளிருங்களா?" என்றார். பதினான்கு ஆண்டுகள் என்னை வாடா போடா என்று விரட்டியவர். இரண்டு மாதமாகப் பேத்தியின் கைப்பேசியில் என்னைப் பார்த்துவருவதாகச் சொன்னார். இந்த மழைநாள் கதையை அவர் வீட்டார் ஏற்கெனவே அவர் வாயால் கேட்டிருக்கிறார்கள். அன்று பேத்தி திரும்பிப் பார்த்து, இது நீங்க சொன்ன கதையாச்சேங்க தாத்தா என்று கேட்டிருக்கிறாள்.

"நீங்க என்ன சொன்னீங்கண்ணா?"

"வேற என்னத்தைச் சொல்றது? அந்தத் தடத்துல ரெண்டு பேருக்கும் அப்படி ஆச்சு கண்ணுன்னு சொல்லிப்போட்டேன்."

என் பொய்யைக் காப்பாற்ற அவர் தம் வீட்டுக்குள் ஒரு பொய்யைக் கொண்டுவந்திருந்தார். அதைவிட அவர் என்னைத் திட்டியிருக்கலாம். நாளைக்கே எல்லார் முன்னும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அது உங்க இஷ்டமுங்க என்றார். வைக்கப்போகும் நேரத்தில் மட்டும் குரல் சற்றே பழைய குரலாயிற்று. "ஆனா ஒண்ணு. மேட்டுல நிறுத்தறப்போ நீ கட்டை கேக்கறதே இல்ல. எவன்டா உன்ன டிரைவர்னு நம்புவான்?" சிரித்தாரா என்பது எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் பேருந்தைக் கிளப்பாமலே கேமராவைத் திறந்து, நான் நடத்துநர் என்று சொன்னேன். மழைநாள் கதையை முழுவதும் திரும்பச் சொன்னேன், யார் எங்கே இருந்தார்கள் என்பதோடு. சிலர் திட்டிவிட்டுப் போனார்கள். ஒருவர், பரவாயில்லைங்க கண்டக்டரய்யா என்று எழுதினார். அந்தப் பரவாயில்லையை ஏற்றுக்கொள்ள எனக்குத் தெம்பு இல்லை. தலைப்பை மாற்றினேன். இப்போது பார்ப்பவர்கள் பத்துப்பேர் இருக்கலாம். ஏற்றத்தில் நிறுத்தும்போதெல்லாம் கட்டை என்று நானே குரல் கொடுத்துவிட்டுத்தான் காலை எடுக்கிறேன். மேட்டுப்பாளையம் என்ற பெயர் இன்றுவரை திரையில் மீண்டும் வரவில்லை. ஒவ்வொரு நாளும் அதைத் தேடிய பின்னரே வண்டியைக் கிளப்புகிறேன்.

இப்போது பனிக்காலம். இன்று காலையும் கால்கள் என்னை இடப்பக்கக் கதவுக்கே கொண்டுபோயின. நம் ஊரில் அது என்னுடைய இடம், இங்கே அது ஓட்டுகிறவருடைய இடம். மருமகன் கேட்பதற்கு முன்பே கைப்பிடியிலிருந்து கையை எடுத்து, முன்புறமாகச் சுற்றி வந்து மறுபக்கம் ஏறினேன். வண்டி பின்வாங்கியபோது கண்ணாடி வழியே பார்த்தேன். புதுப்பனியில் என் காலணித் தடம் இடக்கதவு இருந்த இடம்வரை நேராகச் சென்று, அங்கே சற்று நின்று குழம்பி, பிறகு வண்டி இல்லாத வெற்றிடத்தைச் சுற்றி வளைந்து வலப்பக்கம் வந்திருந்தது.