தட்டாஞ்சாவடித் தொண்டை

"இது என்ன தொண்டையா, துருப்பிடிச்ச இரும்புக் கேட்டா?" என்று கேட்டாள் அரியாங்குப்பத்துச் சித்தி. ராக் பாடுகிற தொண்டை என்றேன். கல்யாணத்துக்கு நிற்கிற பெண் கத்தலாமா என்பது அவள் கவலை. இப்படித்தான் பாடுவேன் என்பது என் பிடிவாதம்.

இரண்டாயிரத்துகளின் தொடக்கம் அது. மூன்று பையன்களும் நானும் சேர்ந்த குழு. கிட்டார்காரனின் அக்கா பாரிசிலிருந்து அனுப்பும் சிடிகளில் கிரஞ்ச் ராக்குக்குப் பின் வந்த குழுக்களைக் கேட்டுக் கேட்டு, தமிழில் எங்கள் பாட்டை நாங்களே எழுதினோம். வீட்டில் வாசித்தால் அக்கம்பக்கம் சண்டைக்கு வந்தது. டிரம்ஸ்காரனின் அப்பாவுக்குத் தட்டாஞ்சாவடியில் தகர மூடி அடிக்கும் பட்டறை இருந்தது. பிரஸ் மெஷின் டம், டம் என்று இறங்கும் சத்தத்தில் எங்களை யார் கேட்கப்போகிறார்கள்? மெஷின் ஓடும் பகலில்தான் ஒத்திகை. அதைத் தாண்டிக் கத்தியே என் குரல் கரகரத்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

கடற்கரைச் சாலையில் ஜூன் மாத இசை மாலை ஒன்றில் முதல் மேடை கிடைத்தது. ஏற்பாட்டாளர் பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற சிப்பாய், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. மேடைக்குப் பின்னால் நான் பாடிப் பார்த்ததைக் கேட்டவர், "பசங்க நல்லா வாசிக்கிறாங்க. நீ ஒதுங்கிக்கம்மா. வேற பொண்ணு இங்கிலீஷ்ல மெலோடியா பாடட்டும்" என்றார். பையன்கள் தரையைப் பார்த்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எம் பாட்ட நாந்தான் பாடுவேன். இல்லன்னா நாலு பேரும் போறோம்."

மற்ற மூவரையும் கேட்காமலே சொன்னேன். "ஒரு பாட்டுதான். ஜனங்க எழுந்து போனா நிறுத்திடணும்" என்று சொல்தா இறங்கி வந்தார்.

முதல் வரியிலேயே டிரம்ஸ்காரன் தடுமாறினான். இத்தனை நாளும் அவன் தாளம் பிடித்தது அந்த பிரஸ்ஸை வைத்து என்று அப்போதுதான் உறைத்தது. கடற்கரையில் பிரஸ்ஸுக்கு எங்கே போவது? முன்வரிசையில் ஒரு குடும்பம் எழுந்தது. நிறுத்தச் சொல்லி சொல்தா கையை உயர்த்தினார்.

மேடைப் பலகையைக் குதிகாலால் ஓங்கி மிதித்தேன். டம். மறுபடியும் டம். அவன் பிடித்துக்கொண்டான். இல்லாத மெஷினைத் தாண்டிக் கத்தினேன். எதிரே கூட்டத்தில் சில பையன்கள் தரையை மிதிக்க ஆரம்பித்தார்கள், பிறகு கடலோரச் சுவர்மேல் உட்கார்ந்திருந்தவர்களும். எழுந்த குடும்பம் அங்கேயே நின்றுவிட்டது. ஒரு பாட்டு மூன்றானது.

இறங்கும்போது சொல்தா சொன்னார்: "அடுத்த வருஷமும் வாங்க. கொஞ்சம் மெதுவா பாடும்மா."

"மெதுவா பாட வேற ஆளப் பாத்துக்குங்க, முசே. நான் இந்தத் தொண்டையோடதான் வருவேன்."

அடுத்த வருஷம் அந்த இசை மாலையின் கடைசி நிகழ்ச்சி, பெரிய மேடையில், எங்களுடையது. மெதுவாக நான் பாடவே இல்லை.