கை வைக்காமல் கடைந்த பத்து ஹவுசிங்

பேட்டையில் நான் வேலை பார்க்கும் பட்டறைக்கு அந்த வி.டி.எல். மெஷின், அதாவது செங்குத்து லேத், வந்து இறங்கியபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது வீட்டு மாவு கிரைண்டர்தான். சாதாரண லேத்தில் சக் பக்கவாட்டில் நின்று இரும்பைக் கவ்வும். இதில் சக் கிரைண்டர் மாதிரி மல்லாந்து கிடக்கிறது. கனமான வார்ப்பை மேலேயிருந்து வைத்தால் தன் எடையிலேயே உட்கார்ந்துகொள்ளும். வைப்பதற்கும் ஆள் வேண்டாம். ஓர் இயந்திரக் கை தட்டிலிருந்து எடுத்து வைக்கும், கதவு மூடும், கடையும், கதவு திறக்கும், எடுத்து அடுத்த தட்டில் வைத்துவிடும். ஆளுக்கு மிச்சமிருப்பது தட்டை நிரப்புவது, அளவு பார்ப்பது, டூல் தேய்ந்தால் மாற்றுவது.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். அதன் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் லேத்தில்தான் நின்றிருக்கிறேன். ஐ.டி.ஐ. முடித்த ஆட்கள் கிடைப்பார்கள் என்று தெரிந்தும் முதலாளி என்னை அந்த மெஷினில் போட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மனதை மாற்றிக்கொள்வாரோ என்று பயம்.

பயம் எனக்குப் புதிதில்லை. காஸை மூடினோமா என்று பார்க்க பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பிப் போனவன் நான், ஒரு தடவை இல்லை. "ஒங்களுக்கு ஒரு கவலயும் இல்லாமப் போச்சுன்னா, அது என்னன்னு ஒரு கவல வந்திரும்" என்று என் வீட்டுக்காரி சொல்வாள்.

கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றுக்கு மாதிரியாக முப்பது பம்ப் ஹவுசிங் அனுப்ப வேண்டியிருந்தது. பம்பின் பேரிங் உட்காரும் கூடு அது. நடுவில் உள்ள துவாரத்தின் அளவு முப்பது மைக்ரானுக்குள் நிற்க வேண்டும். தலைமுடி தடிமனில் பாதி கூட இல்லை. முதலாளி வெளிப்படையாகவே சொன்னார்.

"இது பாஸாயிட்டுன்னா மெஷினு ஒம்ம பொறுப்பு. ஆகலேன்னா தப்பா நெனைக்கப்பிடாது வே. வெளியூர்லேருந்து ஆளக் கூட்டியாந்துருவேன்."

அப்படி ஒருவர் வந்தால் எனக்கு வேலை இல்லை. பழைய லேத்துக்கு ஏற்கெனவே விலை பேசியாகிவிட்டது.

முதல் முப்பதை ஒரு நாளில் கடைந்தேன். ஒவ்வொன்றும் வெளியே வந்ததும் துவாரம் அளக்கும் போர் கேஜை உள்ளே விட்டுப் பார்த்தேன். முள் கொஞ்சம் கூடுதலாகக் காட்டினால் திரைக்குப் போய் ஆப்செட்டைத் திருத்தினேன். டூலை எத்தனை மைக்ரான் தள்ள வேண்டும் என்று மெஷினுக்குச் சொல்லும் எண் அது. அடுத்தது குறைவாகக் காட்டியது. கூட்டினேன். மறுபடியும் கூடியது. குறைத்தேன். இவ்வளவு கவனமாக ஒருத்தனும் வேலை பார்த்திருக்க மாட்டான் என்று சாயங்காலம் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அளவறையில் முப்பதில் பதினேழு தேறவில்லை. அங்கே வேலை பார்ப்பது ஏரலிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் ஒரு பெண். டிப்ளமா முடித்து ஒரு வருஷம்தான் ஆகிறது, என் மூத்த மகளைவிட இரண்டு வயது பெரியவள். அளவுகளை அவள் கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்துச் சேர்த்திருந்தாள். கோடு எலி ஓடின மாதிரி மேலும் கீழும் போனது. முதலாளி தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "புது மெஷினுலா" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார்.

அவர் போனதும் அந்தப் பெண் என்னை மெஷின் பக்கம் கூப்பிட்டு, திரையில் ஒரு பட்டியலைக் காட்டினாள்.

"அண்ணாச்சி, இங்கன வாங்க. இதெல்லாம் நேத்து நீங்க ஆப்செட்டுல கை வச்ச நேரம். முப்பது உருப்படிக்கு இருபத்தாறு தடவ."

"இதையுமா எழுதி வைக்குது?"

"எழுதுதுலா. நீங்க எப்ப அளந்திய, எறக்குன ஒடனேயா?"

"சிலது ஒடனே. டீ குடிக்கப் போயிட்டு வந்தா ஆறியிருக்கும்."

அவள் சிரித்துவிட்டாள். "சூட்டோட அளந்து பெருசுன்னு கொறச்சிருக்கிய. ஆறினத அளந்து சிறுசுன்னு கூட்டியிருக்கிய. மெஷினு பாவம், நீங்க சொன்னதையெல்லாம் கேட்டிருக்கு."

சூட்டில் இரும்பு பெருக்கும் என்பது எனக்குத் தெரியாததில்லை. லேத்தில் நின்ற முதல் வருஷமே தெரியும். ஆனால் பழைய வேலைகளில் அளவு இவ்வளவு நெருக்கம் கிடையாது. அதோடு, பயம் வந்துவிட்டால் தெரிந்தது எதுவும் எனக்குச் சமயத்தில் வருவதில்லை.

"மொதலாளிட்ட சொல்லிராத தாயி" என்றேன்.

அவள் உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்து வந்தாள். "பத்து உருப்படி ஓட்டுவோம். நீங்க ஸ்கிரீனத் தொடக் கூடாது. கை அரிச்சிச்சின்னா இதுல எழுதுங்க. எத்தனாவது, என்ன பண்ண நெனச்சிய, அவ்வளவுதான்."

ஒரு ஹவுசிங்குக்கு ஆறு நிமிஷம். பத்துக்கு ஒரு மணி நேரம். பிரசவ ஆஸ்பத்திரி வராந்தாவில்கூட நான் அப்படித் தவித்ததில்லை. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம் போனவள், "என்ன அண்ணாச்சி, கையக் கட்டிப் போட்டாச்சா?" என்றாள். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. என் கோணல் எழுத்தில் இப்படிப் போகிறது: ஒன்று, மெஷின் இன்னும் குளிர்ந்து கிடக்கோ. மூன்று, எட்டு மைக்ரான் குறைக்கணும். நாலு, சத்தம் வேற மாதிரி. ஐந்து, பன்னிரண்டு குறைக்கணும், கட்டாயம். ஆறு, இந்த டூல் நல்ல டூல்தானா. எட்டு, இந்த வேலை போனால் வேறு எங்கே கேட்பது.

பத்தையும் வரிசை மாறாமல் சாக்பீஸால் எண் போட்டு அளவறையில் ஆற வைத்தோம். மத்தியானம் அவள் அளந்தாள். மூன்றிலிருந்து பத்து வரை எட்டும் நாலு மைக்ரானுக்குள் ஒட்டிக்கொண்டு நின்றன. முதல் இரண்டு மட்டும் தள்ளி இருந்தன. அவள் என் நோட்டை வாங்கி முதல் வரியைச் சுற்றி வட்டம் போட்டாள்.

"இந்தக் கவல சரியான கவல. காலையில அரை மணி நேரம் மெஷின சும்மா ஓட்டிச் சூடாக்கிட்டு ஆரம்பிப்போம். மத்த கவலயெல்லாம் நோட்டுலயே கெடக்கட்டும்."

அப்படியே செய்தோம். இரண்டாவது முப்பதும் தேறியது, கோயம்புத்தூருக்கு லாரி ஏறியது. பதில் வரப் பதினோரு நாள் ஆனது. அந்தப் பதினோரு நாளும் பாஸாகுமா என்பதைவிட, முதல் லாட் கெட்டது என் கையால் என்று முதலாளிக்குத் தெரிந்துவிடுமோ என்பதே எனக்குப் பெரிதாக இருந்தது. தெரிந்தால், பாஸானாலும் என்னை மெஷினில் விட்டுவைப்பாரா? அவர் மெஷின் பக்கம் வரும்போதெல்லாம் நான் தட்டை நிரப்பக் குனிந்துகொள்வேன்.

பன்னிரண்டாம் நாள் காலையில் முதலாளி போனும் கையுமாக வந்தார். அதில் இங்கிலீஷில் ஏதோ இருந்தது. "பாஸாயிட்டு. மாசாமாசம் கேக்கான்" என்றார். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வாயிலிருந்து வேறுதான் வந்தது.

"மொதலாளி, மொத லாட்டு கெட்டது என்னாலதான். மெஷினு மேல தப்பில்ல."

அவர் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும்வே. அந்தப் பிள்ள அன்னைக்கே வந்து சொல்லிட்டு. 'ஆள மாத்தாதிய, அவருக்கு நல்லா அளக்கத் தெரியும், சும்மா இருக்கத்தான் தெரியல'ன்னு."

"பின்ன ஏன் எங்கிட்ட கேக்கல?"

"கேட்டா நீரு இன்னும் நாப்பது தடவ கை வச்சிருப்பீரு."

சொல்லிவிட்டு அவர் வார்ப்பு ஏற்றி வந்த வண்டியைப் பார்க்கப் போனார். மெஷின் தன் பாட்டுக்கு ஒன்றை இறக்கி அடுத்ததை ஏற்றியது. நான் அளவறை வாசலில் போய் நின்றேன்.

"சொல்லிட்டியா தாயி?"

"சொல்லாதன்னு நீங்க சொன்னிய. சரின்னு நான் சொன்னனா?" என்றாள், கேஜைத் துடைத்துக்கொண்டே.

உண்மைதான், சரி என்று அவள் சொல்லவில்லை. என் தப்பை மறைத்துக் காப்பாற்றியிருந்தால் அது என்றைக்கு வெளியே வருமோ என்று இன்றுவரை எண்ணிக்கொண்டிருப்பேன். மறைக்காமலே காப்பாற்றியிருக்கிறாள். அவரும் தெரிந்துகொண்டே என்னிடம் இரண்டாவது முப்பதைக் கொடுத்திருக்கிறார். நன்றி என்று நேருக்கு நேர் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

"சாப்பிட்டியா தாயி?" என்றேன்.

"மணி பத்துதான் ஆகுது அண்ணாச்சி" என்றாள்.