படகு நீலத்தில் ஒரு கிடார்

என் காதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. உண்டு என்று எழுதுவதா, இருந்தது என்று எழுதுவதா என்றுதான் இப்போது தெரியவில்லை. ராயபுரத்தில் எங்கள் மாதா கோயில் பாடற்குழுவில் வாலிப வயதிலிருந்து கிடார் வாசிக்கிறேன். ஸ்ருதி பார்க்கிற மெஷினை ஒரு நாளும் கையால் தொட்டதில்லை. புதிதாக வருகிற பையன்கள் தங்கள் கிடாரையும் என்னிடம் கொடுத்துத்தான் ஸ்ருதி சேர்த்து வாங்கிக்கொள்வார்கள். வாரம் ஆறு நாள் திருவொற்றியூரில் ஒரு ஃபோர்ஜிங் கம்பெனியில், பழுக்கக் காய்ச்சிய இரும்பை அடிக்கிற பெரிய சுத்தியல் மெஷினுக்குப் பக்கத்தில் வேலை. ஏழாவது நாள் கோயில். அந்த ஏழாவது நாள் இருக்கிறது என்றுதான் மற்ற ஆறையும் தள்ளினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சீக்கிரமே போய் ஒருமுறை பாடிப் பார்ப்போம். அது முடிந்து பூசைக்கு மணி அடிப்பதற்குள், வாசலுக்கு எதிரே இருக்கும் கடையில் ஒரு டீ குடித்துவிட்டு வருவேன். கிடார் அதுவரை ஸ்டாண்டில் நிற்கும். இது வருஷக்கணக்கான பழக்கம்.

போன வருஷம் திருவிழாவுக்குச் சில மாதம் இருக்கும்போது, பாடற்குழுவை நடத்துகிற என் மச்சான் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். மச்சான் என்றால் என் மனைவியின் சொந்தத் தம்பி.

"மாமா, உன் கிடார்ல மெல்லிசுக் கம்பி ரெண்டும் சேரவே மாட்டேங்குது. கயுத்து வளஞ்சிகீது போல. வேற வாங்கேன்" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. என்னிடமே ஸ்ருதியைப் பற்றிப் பேசுகிறானே என்று. ஆனால் கிடார் பழசுதான், கடல் காற்றில் எந்த மரம்தான் நேராக நிற்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். தவிர, கொஞ்ச காலமாகப் பாட்டு நடக்கும்போது என் கிடார் எனக்கே கேட்பதில்லை. கீபோர்டுக்காரன் ஒரு பக்கம், டிரம் பேடு தட்டுகிறவன் ஒரு பக்கம், ஒருத்தனுக்கும் அடக்கம் கிடையாது என்று மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். ஆகவே எலெக்ட்ரிக் கிடார் என்று முடிவு செய்தேன். அதையும் கடையில் வாங்கி இன்னொருத்தன் செய்த கோளாறைத் தோளில் மாட்டிக்கொள்ள மனம் இல்லை. பாகம் பாகமாகப் பெட்டியில் வரும், வீட்டிலேயே சேர்த்துக்கொள்ளலாம் என்று போனில் பார்த்தேன். நானே செய்தால் நானே பொறுப்பு.

பெட்டியைப் பிரித்தபோது என் மனைவி எட்டிப் பார்த்தாள். உடம்பு தனி, கழுத்து தனி, கம்பியை முறுக்குகிற ஆணிகள் தனி. கம்பியின் அதிர்வைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்புகிற பிக்கப் இரண்டு, நூடுல்ஸ் போல ஒரு கொத்து வயர்.

"இன்னாயா இது, போஸ்ட்மார்ட்டம் பண்ணி அனுப்பிகிறானுங்க" என்றாள்.

உடம்பு வெறும் மரமாகத்தான் வந்தது. கல்மண்டபத்தில் நாங்கள் இருக்கும் குடியிருப்பின் மொட்டை மாடியில் உட்கார்ந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். முதலில் முரட்டுத் தாள், பிறகு நைசுத் தாள். காசிமேட்டில் படகுக்கு அடிக்கிற பெயின்ட் விற்கும் கடையில் ஒரு சின்ன டப்பா நீலம் வாங்கிவந்தேன். உப்புக்காற்றில் தாங்குகிற பெயின்ட் அதைவிட வேறு ஏது?

"கடல்ல வுடப் போறியா?" என்றாள் அவள்.

முதல் பூச்சு முழுக்கக் கரித்தூசி ஒட்டிக்கொண்டது. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் கிளப்புகிற புழுதி வேறு. மறுபடியும் தேய்த்தேன், மறுபடியும் பூசினேன், மறுபடியும் தூசி. ப்ரஷ்ஷைத் தூக்கி எறிந்துவிட்டுக் கீழே வந்து படுத்துவிட்டேன். அவள் கொசுவலையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், துணிக்கொடியில் கட்டி, கிடார் உடம்பை அதற்குள் தொங்கவிட்டுவிட்டு வந்தாள். அதற்குப் பிறகுதான் பூச்சு பூச்சாக நின்றது. கடைசியில் தண்ணீர் தொட்டு எமரித் தாள் போட்டுத் தேய்த்து, மெழுகு வைத்துத் துடைத்தபோது அதில் என் முகம் தெரிந்தது. அன்று நான் அப்படிச் சந்தோஷப்பட்டேன். அதை மறைப்பானேன்.

கஷ்டம் வயரில் ஆரம்பித்தது.

எல்லாவற்றையும் ஈயம் வைத்துப் பற்றவைத்து, கம்பி மாட்டி, சத்தத்தைப் பெருக்குகிற சின்ன ஆம்ப் ஒன்றில் செருகிப் போட்டேன். சத்தம் வந்தது. ஆனால் போர்வைக்குள்ளிருந்து பேசுகிறவன் குரல் போல மந்தமாக வந்தது. கூடவே, வாசிக்காமல் சும்மா இருக்கும்போதுகூட, ஊய்ங் என்று சன்னமாக ஒரு விசில். எர்த் சரியில்லை என்று நினைத்தேன். இந்தக் கிடாரில் கம்பியைக் கையால் தொட்டால் இரைச்சல் அடங்க வேண்டும். தொட்டேன். அடியில் இருந்த உர்ர் என்ற இரைச்சல் அடங்கியது. விசில் அடங்கவில்லை.

பின்பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு இணைப்பையும் உருக்கி எடுத்து மறுபடி பற்றவைத்தேன். சப்பாத்தி சுற்றுகிற அலுமினியத் தாளை உள்ளே சுற்றிலும் ஒட்டினேன். விசில் போகவில்லை. பெட்டி அனுப்பிய கடைக்குப் போன் போட்டுக் கத்தினேன். எடுத்த பையன், "ஆம்ப் பக்கத்துல போனை வைங்க சார்" என்றான். வைத்தேன். "எனக்கு எதுவும் கேக்கலியே சார்" என்றான். போனில் எப்படிடா கேட்கும் என்று அதற்கும் கத்தினேன். பாவம், வேறு பிக்கப் அனுப்பிவைத்தான். அதிலும் அதே விசில்.

வீட்டு லைனில்தான் கோளாறு என்று தோன்றியது. ட்யூப்லைட்டை அணைத்தேன், டிவியை அணைத்தேன், மோட்டார் சத்தம் ஏறுகிறதோ என்று ஃப்ரிட்ஜையும் பிடுங்கினேன். மறுபடி செருக மறந்துவிட்டேன். அவள் ஆசையாக வாங்கி வைத்திருந்த வஞ்சிரம் அன்று சாயங்காலமே நாறிவிட்டது.

"இந்தக் கருமம் வூட்டுக்கு வந்ததுலருந்து நீ மனுசனாவே இல்ல" என்று சொல்லிவிட்டு, மீனைக் கொட்டப் போனாள். உனக்கு அந்த விசில் கேட்கிறதா என்று அவளை ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கலாம். கிடாரைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும் என்ற நினைப்பு எனக்கு.

விசிலோடேயே அதைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனேன். நீலத்தைப் பார்த்து எல்லோரும் அசந்துபோனார்கள். நானே ஸ்ருதி சேர்த்தேன். முதல் பாட்டு ஆரம்பித்ததும் உச்சக் குரலில் சோப்ரானோ பாடுகிற பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். மச்சான் கையைக் காட்டி நிறுத்தினான். "ஒரு நிமிசம் மாமா" என்று என் முறுக்காணிப் பக்கம் கையை நீட்டினான். தட்டிவிட்டேன். ஆசை ஆசையாகச் செய்த பொருள், இன்னொருத்தன் கை படுவதா? டீ குடிக்கப் போகும்போதும் ஸ்டாண்டில் விடவில்லை, தோளில் மாட்டிக்கொண்டே போனேன்.

திரும்பி வந்தபோது மச்சான் கோயில் வாசலில் நின்றிருந்தான்.

"மாமா, இன்னைக்கு மட்டும் பூசைல ஆம்ப் போட வேணாம்" என்றான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

போட வேண்டாம் என்றால் எதற்கு எலெக்ட்ரிக் கிடார்? அப்படியே ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். எனக்கு நினைவு தெரிந்து, உடம்பு சரியில்லாமல் தவிர, பூசை பார்க்காமல் நான் வீடு திரும்பியது அன்றைக்குத்தான். அந்தக் கிடாரை வைத்து வாசிக்க முடியாவிட்டால் பாடற்குழுவில் எனக்கு இடம் இல்லை என்று புரிந்துவிட்டது. எப்படியாவது சரிசெய்துவிட வேண்டும் என்று மத்தியானம் மறுபடி அதைக் குப்புறப் போட்டுத் திறந்தேன்.

ஆம்ப் போட்டபடி இருந்தது. விசில் காதுக்குள் குடைந்துகொண்டிருந்தது. நான் ஒவ்வொரு வயராகத் தொட்டு அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது கரண்ட் போய்விட்டது. ஃபேன் சுற்றி ஓய்ந்தது. ஆம்பின் சிவப்பு விளக்கு அணைந்தது. பக்கத்து வீட்டு டிவி, கீழ் வீட்டு மிக்ஸி எல்லாம் நின்று, குடியிருப்பே அமைதியாகிவிட்டது.

விசில் நிற்கவில்லை.

கிடாரில் செருகியிருந்த வயரைப் பிடுங்கினேன். கிடாரைக் கட்டிலில் போட்டுவிட்டு வராந்தாவுக்குப் போனேன். விசில் கூடவே வந்தது. இரண்டு காதையும் உள்ளங்கையால் பொத்தினேன். இன்னும் தெளிவாகக் கேட்டது.

மனைவி காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டு வந்தாள்.

"உனக்கு அந்தச் சத்தம் கேக்குதா?" என்றேன்.

"எந்தச் சத்தம்?"

"ஊய்ங்னு."

அவள் விசிறுவதை நிறுத்திவிட்டு நின்று கேட்டாள். பிறகு என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். கரண்டே இல்லியேயா என்று சொல்லியிருக்கிறாள். அவள் குரல் எனக்குக் கேட்கவில்லை, உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். எத்தனை நாளாக இப்படி அவள் உதட்டைப் பார்த்தே பேசிக்கொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் யோசித்தேன்.

"என் காதுதான்" என்றேன்.

அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எனக்குக் கேட்கும்படி உரக்கப் பேசினாள். அவள் வீட்டில் எப்போதும் உரக்கத்தான் பேசுவாள். அது அவள் சுபாவம் என்று நினைத்திருந்தேன்.

"ஒண்ணு சொல்றேன், கோவப்படாத. ஞாயித்துக்கெழம நீ டீ குடிக்கப் போறப்போ தம்பி உன் கிடார எடுத்துச் சேத்து வெப்பான். ரொம்ப நாளா. கயுத்து வளஞ்சிகீதுன்னு அவன் சொன்னது பொய்யி. உன் மனசு நோவக் கூடாதுன்னு சொன்னான்."

"அங்க எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியும்."

"உனக்கு?"

"எனக்கும்தான்."

முதலில் வந்தது கோபம்தான். ஊரே சேர்ந்து என்னைக் கோமாளியாக்கிவிட்டது என்று கத்தினேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நீ வாசிக்கறதையே வுட்டுடுவ. அப்புறம் ஞாயித்துக்கெழமயும் வூட்ல குந்திகினு என் உயிர எடுப்ப" என்றாள். கிண்டலாகத்தான் ஆரம்பித்தாள், முடிக்கும்போது அழுதுவிட்டாள். நானும் அழுதேன்.

அந்த வாரமே காது டாக்டரிடம் போனோம். ஒரு சின்னக் கண்ணாடி அறையில் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். கொஞ்ச நேரம் அழுத்தினேன். அப்புறம் ஒன்றும் வரவில்லை. டெஸ்ட் முடிந்துவிட்டது என்று நினைத்துக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். டெஸ்ட் எடுத்த பெண் இன்னும் பொத்தான்களை அழுத்திக்கொண்டே இருந்தாள். எனக்குக் கேட்காத சத்தங்களை எனக்கு அனுப்பிக்கொண்டே இருந்தாள். சுத்தியல் சத்தத்தில் போன காது திரும்பாது, இனி போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், விசில் இருக்கத்தான் செய்யும் என்றார் டாக்டர். காதை அடைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போக வேண்டுமாம். இப்போது அப்படித்தான் போகிறேன்.

அந்தக் கிடாரில் முதல் நாளே ஒரு கோளாறும் இல்லை. மந்தமும் அதனுடையது இல்லை, விசிலும் அதனுடையது இல்லை. திறந்திருந்த பின்பக்கத்தை மூடி, ஸ்க்ரூக்களை முடுக்கி, ஒருமுறை துடைத்து வைத்தேன். கடைக்காரப் பையனுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். அவன் என்ன சொன்னான் என்று மனைவியிடம் போனைக் கொடுத்துத்தான் தெரிந்துகொண்டேன். பரவாயில்லை சார் என்றானாம்.

இனிமேல் போவதில்லை என்று புதன்கிழமை வரை பிடிவாதமாக இருந்தேன். வெள்ளிக்கிழமை கம்பியைத் துடைத்தேன். ஞாயிற்றுக்கிழமை கிடாரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கோயிலில் எல்லோரும் வந்திருந்தார்கள். மச்சான் என்னைப் பார்த்துவிட்டு நோட்டைப் புரட்டுகிற மாதிரி குனிந்துகொண்டான். எனக்கு எல்லாம் தெரியும் என்று அக்கா அவனிடம் சொல்லிவிட்டாள் என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. நான் வயரை ஆம்பில் செருகினேன். ஒரு கம்பியைக்கூட மீட்டிப் பார்க்காமல் கிடாரை ஸ்டாண்டில் நிறுத்தினேன்.

"டீ குடிச்சிட்டு வரேன், மச்சான்" என்றேன்.

"சரி மாமா" என்றான்.

திரும்பிப் பார்க்காமல் ரோட்டைத் தாண்டிப் போய்க் கடையில் உட்கார்ந்தேன். விசில் அங்கேயும் இருந்தது. டீயை மெதுவாகக் குடித்து முடித்தேன். புதுக் கிடார், அவன் கைக்குப் பழக்கமில்லை, ஆறு கம்பிக்கும் நேரம் ஆகும். இன்னொரு டீ சொன்னேன்.