பார்க்காமல் இருக்கத் தெரிந்தவர்

பத்து அடிக்கு ஒரு தரம் நின்று, தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் டெல்பர்ட் காம்ப்ஸ் மேலே நடப்பார். மளிகைக் கடையில் சோளமாவு அடுக்கிலிருந்து கல்லாவுக்கு வருவதற்குள் நாலு முறை திரும்பிவிடுவார். கையிலுள்ள கூடையில் ஒரு புட்டி மோர், ஒரு பொட்டலம் மாவு, அவ்வளவுதான். அதை யாரும் பின்னாலிருந்து பறித்துக்கொண்டு ஓடப்போவதில்லை. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் ஃபேய் அவரோடு பள்ளியில் படித்தவள். அவளுக்கு இது தினசரி வேடிக்கை.

"டெல்பர்ட்! பின்னாடி! பின்னாடி பாரு!"

உடனே திரும்புவார். பின்னால் ரொட்டி அலமாரிதான் இருக்கும். வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள்.

"அடப்பாவி, அப்பல்லாம் அறுநூறு பேரு தொண்டை கிழியக் கத்துனோமே, ஒரு தடவையாவது திரும்புனியா? இப்ப ஒத்தப் பொம்பளை கூப்பிட்டதும் இந்தத் திருப்பு திரும்புற!"

டெல்பர்ட்டும் சிரித்துவைப்பார். வேண்டுமென்றே செய்கிற கோமாளித்தனம் என்று லிக் ஃபோர்க் ஊரே நினைத்துக்கொண்டிருக்கிறது. நினைத்துவிட்டுப் போகட்டும் என்று அவரும் விட்டுவிட்டார்.

பத்தொன்பது வருடம் அவர் குஸ்தி நடுவர். வாரநாட்களில் மின்சார மீட்டர் கணக்கெடுப்பவர். மலைச்சரிவில் நாய்க்குப் பயந்து வேலிக்கு வெளியே நின்று பார்த்தால்கூட ஓர் எண்ணைத் தப்பாகக் குறித்ததில்லை. சனிக்கிழமை சாயங்காலம் கோடு போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு கோதாவில் ஏறினால் மூன்றடி தூரத்தில் நாற்காலியால் ஒருவன் மண்டையைப் பிளப்பது கண்ணில் படாது. படக்கூடாது. அதற்குத்தான் அவரை வைத்திருந்தார்கள்.

வைத்திருந்தவர் வெர்லன் டாக்கெட் என்ற பழைய டயர் வியாபாரி. புகையிலை ஏலம் முடிந்து கிடங்கு சும்மா கிடக்கிற மாதங்களில் அதற்குள்ளே கோதா கட்டி, த்ரீ ஃபோர்க்ஸ் குஸ்திக் கம்பெனி என்று பலகை மாட்டினார். ஐந்து ஊர்களைச் சுற்றிவருவார்கள். சனிக்கிழமை காலையில் உள்ளூர் டிவியில் ஒரு மணி நேரம் வரும். ஊருக்கு நல்லவன் ஒருவன் வேண்டும், கெட்டவன் ஒருவன் வேண்டும். நல்லவன் லானி ஸ்டர்கில், சுரங்கத் தொழிலாளியின் பிள்ளை, சிரித்தால் கிழவிகள் எழுந்து நின்று கைதட்டுவார்கள். கெட்டவனுக்கு டெட்ராய்ட் கசாப்புக்காரன் என்று மேடைப்பெயர். அந்த ஆள் டெட்ராய்ட்டைக் கண்ணால் கண்டதில்லை. பக்கத்து மாவட்டத்தில் பள்ளிக்கூட பஸ் ஓட்டிக்கொண்டிருந்த சாது மனிதன். யார் ஜெயிப்பது என்பதை மத்தியானமே டாக்கெட் சொல்லிவிடுவார். அது எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறந்து சொன்னதில்லை. டெல்பர்ட்டின் மனைவி படுக்கையில் வைத்துக் கேட்டபோதுகூட, "எனக்கு நெஜமாவே தெரியாதுடி, நான் எங்க பாத்தேன்" என்றுதான் பதில் வந்தது.

பார்க்காமல் இருப்பதில் அவருக்கு ஒரு கைத்திறன் இருந்தது. மற்ற நடுவர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு மரம்போல் நிற்பார்கள், ஜனங்களுக்கு எரிச்சல் வரும். டெல்பர்ட் அப்படியில்லை. ஷூ கயிறு அவிழ்ந்துவிட்டதாகக் குனிவார். கெட்டவனின் ஆளாக வேஷம் கட்டி, கயிற்றுக்கு வெளியே நின்று வம்புக்கு வரும் டாக்கெட்டிடம் விரலை ஆட்டி ஆட்டி நியாயம் பேசுவார். "இன்னும் ஒரு அடி ஏறினே, சீட்டக் கிழிச்சிருவேன்!" என்று கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவார். மனதுக்குள் மட்டும் இருபது வரை எண்ணிக்கொண்டிருப்பார். இருபதுக்கு முன்னால் திரும்பினால் ஆட்டம் கெட்டது. பின்னால் கிடங்கே அலறும். அலறல் ஏற ஏற அவருக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், நம் வேலை பலிக்கிறது என்று. ஆத்திரம் தாங்காத ஜனங்கள் தபாலில் மூக்குக் கண்ணாடி அனுப்பினார்கள். மொத்தம் பதினொரு கண்ணாடிகள் வந்தன. தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு ஏந்துகிற முறை அவருக்கு மட்டும் வரவே இல்லை.

பிறகு கேபிள் டிவியில் பெரிய ஊர்க் குஸ்திக் கம்பெனி ஒன்று வண்ண விளக்கும் வாணவேடிக்கையுமாக வந்தது. கிடங்குக்கு வந்துகொண்டிருந்த அறுநூறு பேர் நூற்று நாற்பது பேரானார்கள். "ஒயரத்துலேருந்து விழணும்டா. அங்க விழுறாங்க, ஜனம் அதப் பாத்துட்டுதான் வருது," என்றார் டாக்கெட். லானிக்கு அப்போது இருபத்தேழு வயது. விழுகிறேன் என்றான்.

அந்தச் சனிக்கிழமை திட்டம் இதுதான். லானி மூலைக் கம்பத்தின் உச்சியில் ஏற வேண்டும். டெல்பர்ட் திரும்பி டாக்கெட்டோடு சண்டை போட வேண்டும். கசாப்புக்காரன் கயிற்றை உலுக்க, லானி தோள்பட்டை தரையில் படும்படி விழ வேண்டும். விழுந்த சத்தம் டெல்பர்ட்டுக்குக் கேட்டது. ஜனங்கள் கத்தினார்கள். வழக்கமாகக் கத்துகிற மாதிரிதான் கத்தினார்கள், அல்லது அப்படித்தான் அவருக்குப் பட்டது. "டெல்பர்ட்! பாருடா! திரும்பிப் பாரு!" அவர் இருபது வரை எண்ணினார். ஒன்றுகூடக் குறைக்கவில்லை.

திரும்பியபோது லானி மல்லாந்து கிடந்தான். கசாப்புக்காரன் கயிற்றோரம் நின்று ஜனங்களைத் திட்டிக்கொண்டிருந்தான். டெல்பர்ட் சோதிப்பதுபோல் மண்டியிட்டார். லானியின் உதடு லேசாக அசைந்தது.

"அண்ணே, காலு இருக்கிறதே தெரியல. கையும் தெரியல."

லானிக்கு விழுந்து கிடக்கும்போது குறும்பு பேசுகிற பழக்கம் உண்டு. போன வாரம் "செத்துட்டேண்ணே, எங்கம்மாவுக்குச் சொல்லி விடு" என்று முனகி, டெல்பர்ட்டைச் சிரிப்பை அடக்கமுடியாமல் தவிக்க வைத்திருந்தான். டெல்பர்ட் இன்னும் கொஞ்சம் குனிந்து, "சூப்பரா இருக்குடா. அப்படியே கெட," என்றார்.

கசாப்புக்காரன் வந்து, திட்டப்படி, தலைமுடியைப் பிடித்து லானியைப் பாதி தூக்கி மறுபடி கீழே போட்டான். மேலே விழுந்து அமுக்கினான். லானி தோற்றான் என்பதற்கு அடையாளமாக டெல்பர்ட் தரையில் மூன்று அடி அடித்தார். மணியும் அடித்தார்கள். லானி எழுந்திருக்கவில்லை.

ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனபோது ஜனங்கள் சோளப்பொரி வீசிக் கேலி செய்தார்கள். அடுத்த சண்டைக்கான ஏற்பாடு என்று நினைத்தார்கள். மூன்று வாரம் கழித்தும் மருந்துக் கடையில் லானியின் அம்மாவை நிறுத்தி, "திருப்பி அடிக்கிற ஆட்டம் எந்தச் சனிக்கெழமை?" என்று கேட்டார்கள். அந்த அம்மாள் அழுததையும் நல்ல நடிப்பு என்று பாராட்டினார்கள். இருபது வருடம் ஊரைப் பழக்கிவைத்த பழக்கம் அது, ஊரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் டாக்டர் சொன்னார்: விழுந்ததில் கழுத்தெலும்பு முறிந்து நரம்பை அழுத்தத்தான் செய்திருந்தது, பிறகு அசைத்துத் தூக்கியதில்தான் நரம்பு அறுந்தது. யாராவது உடனே நிறுத்தியிருந்தால் நடந்திருப்பான். எல்லோரும் டெல்பர்ட்டைப் பார்த்தார்கள். "ஒரே சத்தம். அவன் ஏதாவது பேசியிருந்தாலும் எங்காதுல விழல," என்றார் டெல்பர்ட். அந்தக் குளிர்காலத்தோடு கம்பெனி மூடிவிட்டது. கோதாப் பலகைகள் ஒரு கோழிப் பண்ணைக்குப் போயின.

முப்பத்தொரு வருடமாக லானி கட்டிலில் கிடக்கிறான். கழுத்துக்குக் கீழே அசைவில்லை. டெல்பர்ட் தினமும் இரண்டு மணிக்கு வந்துவிடுவார். புண் வராமலிருக்க அவனைப் புரட்டிவிடுவார், முகம் மழிப்பார், சோள ரொட்டியை மோரில் உதிர்த்துப்போட்டு ஊட்டுவார். யார் வந்து அந்தப் பேச்சை எடுத்தாலும் லானியே முந்திக்கொள்வான். "அண்ணன் என்ன பண்ணுவாரு? அன்னிக்கு இருந்த சத்தத்துல இடி விழுந்தாலும் கேட்டிருக்காது." அதைக் கேட்கும்போதெல்லாம் டெல்பர்ட் குனிந்து கிண்ணத்து மோரைக் கலக்க ஆரம்பிப்பார். தெரிந்து காப்பாற்றுகிறானா, தெரியாமல் நம்புகிறானா என்பது அவருக்கு விளங்கவே இல்லை.

போன மாதம் மூன்றாவது முறையாகச் சிறுநீரகத்தில் சீழ் பிடித்தது. இலையுதிரும்வரை இருந்தால் பெரிது என்று டாக்டர் லானியின் தங்கை எர்லீனிடம் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து டெல்பர்ட் காரை லானி வீட்டுக்கு முன்னால் நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கைப் பார்த்துத் தனியாகப் பேசிப் பார்ப்பார். அவன் போவதற்குள் சொல்லிவிட வேண்டும். வேறெதுவும் அவருக்கு மிச்சமில்லை.

செவ்வாய்க்கிழமை எர்லீன் மருந்து வாங்கப் போனாள். டெல்பர்ட் கிண்ணத்தோடு கட்டிலருகே உட்கார்ந்தார். நாலு கரண்டி உள்ளே போயிற்று.

"தம்பி, அன்னிக்கு நீ சொன்னது எனக்குக் கேட்டுச்சுடா."

லானி வாயிலிருந்ததை மெதுவாக விழுங்கினான்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. நீ வெளையாடறேன்னு நெனச்சேன். நாந்தான் அப்படியே கெடன்னு..."

"அப்ப அது நெஜமா?" லானியின் கண்கள் கூரையிலேயே இருந்தன. "ஆஸ்பத்திரியில மயக்கத்துல என்னென்னமோ கேட்டுச்சு. செத்துப்போன எங்கப்பா பேசுனாரு. நீ பேசுனதையும் அதுல ஒண்ணுன்னு சேத்து வெச்சிருந்தேன். நீ கேட்டிருக்கவே மாட்டேன்னு நம்பித்தாண்ணே இத்தனை வருஷமா நீ ஊட்டுனதத் தின்னேன்."

டெல்பர்ட் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தார். "நான் சொல்றதுக்குள்ள நீ போயிட்டா..."

"என்ன ஆயிருக்கும்? நான் நிம்மதியாப் போயிருப்பேன்." குரலில் கோபம்கூட இல்லை, களைப்புதான் இருந்தது. "ஒனக்குப் பாரம் எறங்கணும். சரி, எறக்கிட்ட. எம்மேல எறக்கிட்டியே, நான் அத எங்க கொண்டுபோய் எறக்குவேன்?"

லானி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அவனால் திருப்ப முடிந்தது அது ஒன்றுதான்.

டெல்பர்ட் அடுத்த கரண்டியை மோரில் தோய்த்து எடுத்தார். மூடியிருந்த அந்த உதட்டுக்கு எதிரே அதைப் பிடித்துக்கொண்டு, எர்லீனின் கார் வந்து நிற்கும்வரை கையை இறக்காமலே உட்கார்ந்திருந்தார்.