பார்த்தவர்கள் வரிசையில்

கணபதி பகுதியில் லேத் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கும் மருதாசலத்துக்கு, காலையில் எழுந்ததும் போனில் படிக்காத செய்திகளின் பச்சை எண்களை இல்லாமல் ஆக்கவேண்டும். சொந்தக்காரர்கள் குரூப்பில் பூ, சாமி படம், காலை வணக்கம். திறப்பார், கட்டைவிரலால் ஒரு தள்ளு, மூடிவிடுவார். மனைவி போனபின் அந்த வீட்டில் காலையில் அவரைக் கூப்பிடுவது அது ஒன்றுதான். அதையும் அவர் படிப்பதில்லை.

போன வைகாசியில் அப்படித் தள்ளியதில், தங்கை பொன்னாத்தாளின் கணவர் இறந்த செய்தியும் போய்விட்டது.

வெள்ளகோவிலில் தங்கை மகன் சரவணன் போனைப் பார்த்துச் சொல்லியிருக்கிறான்: "நீல டிக் வந்துருச்சுங்க. மாமன் பாத்துட்டாரு. வந்துக்கிட்டு இருப்பாரு." அதனால் யாரும் கூப்பிடவில்லை. தாலி இழந்தவளுக்குக் கூடப் பொறந்தவன் கோடிச்சேலை போட்டாக வேண்டும். உடலை வாசலில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். கடைசியில் பங்காளி ஒருவர் கடைக்கு ஓடிச் சேலை வாங்கிவந்து போட்டார்.

மறுநாள் விவரம் தெரிந்து மருதாசலம் போய் நின்றபோது பொன்னாத்தாள் ஒன்றுதான் கேட்டாள். "பாத்துப்போட்டுத்தானே இருந்தீங்க?"

அதற்குப்பின் அவர் தங்கைக்கு எது அனுப்பினாலும் இரண்டு சாம்பல் டிக்கோடு நின்றுவிடுகிறது. பட்டறையில் கணக்கெழுதும் பிந்துவிடம் போனை நீட்டினார்.

"போய்ச் சேந்துச்சா அம்மணி?"

"சேந்துருச்சுங்கண்ணா. தொறந்தா நீலமாகும்."

"அப்ப தொறக்கவே இல்ல." அப்படி நினைப்பது அவருக்கு ஆறுதலாக இருந்தது.

"சொல்ல முடியாதுங்க. சில பேரு அந்த நீலத்தை அணைச்சு வெச்சுருவாங்க. படிப்பாங்க, நமக்குக் காட்டாது."

"படிச்சுப்போட்டுப் படிக்காத மாதிரியா? இது என்ன ஞாயம்?"

"நீங்க படிக்காமயே நீலம் காட்டுனீங்களே." சொல்லிவிட்டுப் பிந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். "குரூப்ல போடுங்கண்ணா. அங்க மறைக்க முடியாது. யாரு பாத்தாங்கன்னு பேரோட வரும்."

நீளமாக எழுதி அழித்து, கடைசியில் ஒரு வரி போட்டார். 'பொன்னாத்தா, ஞாயித்துக்கெழமை ஊட்டுக்கு வா கண்ணு.'

சொந்தங்கள் கட்டைவிரல் காட்டினார்கள். மாலையில் பிந்து அந்த வரியை அழுத்திப் பிடித்துக் காட்டினாள். பார்த்தவர்கள் வரிசையில் பொன்னாத்தாளின் பெயர் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அரிசியும் பருப்பும் இரண்டு பேருக்கு ஆக்கினார். வாசலைக் கழுவி கேட்டைத் திறந்துவைத்தார். எதிர்வீட்டு மாசாணியம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, வாசலெல்லாம் பலமா இருக்குது? விருந்தாளிங்களா?"

"தங்கச்சிங்க. பாத்துட்டா. வந்துக்கிட்டு இருப்பா."

சொன்னபின்தான் அது யார் சொன்ன வார்த்தை என்று உறைத்தது.

மத்தியானம் போனது. கூப்பிட்டுக் கேட்டுவிடலாம் என்று போனை எடுத்தார். வந்துகொண்டிருப்பவளை எதற்குக் கூப்பிடுவது என்று வைத்துவிட்டார். சட்டி ஆறியது. சுடவைத்தார். மறுபடி ஆறியது.

பிறகு சரவணனைக் கூப்பிட்டார்.

"மாப்ள, அன்னைக்கு எந்நேரம் வரைக்கும் என் வழியப் பாத்தீங்க?"



"பொழுது உழுகற வரைக்குமுங்க மாமா. அம்மாதான் எடுக்க உடல. எங்கண்ணன் வந்துரும்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு."

"அம்மா பக்கத்துல இருக்குதா?"

"இங்க ஊட்டுலதான் இருக்குதுங்க."

போனை வைத்துவிட்டு வாசலைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. நாற்காலியைக் கேட்டுக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.